டூரிங் கார் பந்தயத்தில் ரசிகர்கள் ஏன் கார் பிராண்டுக்காகச் சண்டை போடுகிறார்கள்?

டூரிங் கார் பந்தயம் என்றால், சாலையில் பார்க்கும் சாதாரண கார்களின் உருவத்தில் உள்ள பந்தயக் கார்கள் போட்டியிடுவது. ஈர்ப்பே அதில்தான். ஃபார்முலா ஒன் காரை யாரும் வீட்டு வாசலில் நிறுத்த முடியாது. ஆனால் ஆஸ்திரேலியாவில் அப்பா ஹோல்டன் என்ற அந்நாட்டு பிராண்டு கார் வைத்திருந்தால் பிள்ளையும் ஹோல்டன் பக்கம், எதிர்வீடு ஃபோர்டு. மாட்டுவண்டிப் பந்தயத்தில் நம்ம தெரு மாடு முந்தினால் நெஞ்சு நிமிருமே, அதே உணர்வு.

இதன் உச்சம் பாதர்ஸ்ட் 1000 என்ற ஆஸ்திரேலியப் பந்தயம். மவுண்ட் பனோரமா மலையில், மற்ற நாட்களில் பொதுச் சாலையாக இருக்கும் 6.213 கிலோமீட்டர் பாதையை 161 முறை சுற்ற வேண்டும். ஹோல்டன் ஓட்டுநர் பீட்டர் பிராக் அங்கே 9 முறை வென்றார். 1992-இல் ஹோல்டனும் ஃபோர்டும் அல்லாத நிசான் ஜிடி-ஆர் கார் வென்றபோது, அதை ஓட்டி மேடையேறிய ஜிம் ரிச்சர்ட்ஸையும் மார்க் ஸ்கைஃபையும் பார்த்துக் கூட்டம் எதிர்ப்புக் கூச்சலிட்டது. இவ்வளவு திறமையான ஓட்டுநர்களுக்கு அது நியாயமே இல்லை. அப்புறம் 2020-இல் ஹோல்டன் மூடப்படும் என்ற அறிவிப்பு வந்தபோது, பலருக்கு வீட்டில் ஒருவரை இழந்த மாதிரி இருந்தது.

ஷோரூமில் விற்கும் அதே கார்தான் ஓடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இன்று பாதர்ஸ்டில் வெளித்தோற்றமும் எஞ்சினும்தான் பிராண்டுக்குப் பிராண்டு மாறும், அடிச்சட்டம் எல்லோருக்கும் ஒரே வடிவமைப்பு.