மகள் ரக்பி ஆடப் போகிறாள்: தடுக்கவா, விடவா?

கேள்வி: சிட்னியின் மேற்குப் புறநகர் ஒன்றில் 20 ஆண்டுகளாக வசிக்கிறோம். மகளுக்கு 19 வயது, பிசியோதெரபி முதலாண்டு படிக்கிறாள். பள்ளியில் தொடங்கிய ரக்பி லீக் ஆட்டம் இளம்பெண்களுக்கான டார்ஷா கேல் கோப்பை வரை போய், இப்போது தொழில்முறை அணி ஒன்று ஓராண்டு ஒப்பந்தம் தருவதாகச் சொல்கிறது. அதற்காகப் படிப்பை நிறுத்தப் போகிறேன் என்கிறாள். என் கணவர் பத்து நாட்களாக அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவள் ஆடி நாங்கள் இருவரும் ஒரு போட்டிகூடப் பார்த்ததில்லை. போன வாரம் அவள் மேல்கையில் ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்ததைப் பார்த்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாளைக்குக் கல்யாணம் என்று வந்தால் யார் பதில் சொல்வது?
– பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஆட விடுங்கள். படிப்பை நிறுத்த மட்டும் விடாதீர்கள்.

அந்த நீலத் தழும்பு பத்து நாளில் மஞ்சளாகி மறைந்துவிடும். பயப்படுவதென்றால் முழங்காலுக்குப் பயப்படுங்கள். அதற்குள் ஏசிஎல் என்றொரு தசைநார் இருக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அது கிழியும் வாய்ப்பு அதிகம். யாரும் வந்து மோத வேண்டும் என்பதுகூட இல்லை, ஓடுகிற வேகத்தில் சட்டென்று திசை மாறினாலே போதும். அறுவை சிகிச்சை முடிந்து மறுபடி களத்தில் இறங்க ஒன்பது மாதம் முதல் ஓராண்டு ஆகலாம். ஓராண்டு ஒப்பந்தக்காரிக்கு அது மொத்த ஒப்பந்தமும் போன கணக்கு. அடிபட்டு, குணமாவதற்குள் ஒப்பந்தம் முடிந்துவிட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? கையெழுத்துப் போடுவதற்கு முன் இதைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும்.

கபடியில் காலைப் பிடித்து மடக்குவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ரக்பியிலும் பிடிதான் உயிர். தோளை எதிராளியின் தொடையில் பதித்து, கன்னத்தை அவருடைய பின்புறத்தோடு ஒட்டி வைத்து, இரு கைகளாலும் வளைத்து இறுக்க வேண்டும். தலை முன்பக்கம் போய்விட்டால் ஓடி வருபவரின் முழங்கால் நேராக மண்டையில் இடிக்கும். தலையதிர்ச்சி (அடியில் மூளை அதிர்வது) உறுதியானவர்கள் பொதுவாக 11 நாட்கள் ஆடக் கூடாது என்று அங்கே விதி வந்தது. விதி இருந்தாலும், அணியில் இடம் போய்விடுமே என்று தலைவலியை மறைக்கிற வயது உங்கள் மகளுடையது. வீட்டில் உங்கள் கணவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார். ‘அப்பா, நேற்றிலிருந்து தலை சுற்றுகிறது’ என்று அவள் எப்படிச் சொல்வாள்? உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பதற வைத்த வரி அந்தப் பத்து நாள் மௌனம்தான்.

வருமானத்துக்கு வருகிறேன். அந்த நாட்டின் தேசிய ரக்பி லீக்கில் (என்.ஆர்.எல்.) ஆடும் கிளப் ஒன்றோடு முதலில் ஒப்பந்தம் செய்துகொண்ட பெண் என்று பேசப்படுபவர் ரூவன் சிம்ஸ். அவர் தீயணைப்பு வீராங்கனையாகவும் வேலை பார்த்தவர். ஆட்டத்தை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாத காலம் அது. 2018இல் நான்கே அணிகளோடு தொடங்கிய பெண்கள் லீக்கில் 2025இல் 12 அணிகள் ஆடின. 2023இல் ஏற்பட்ட கூட்டு ஒப்பந்தப்படி குறைந்தபட்ச ஊதியம் அந்த ஆண்டு 30,000 ஆஸ்திரேலிய டாலர். 2027இல் அது 50,600 ஆகும். மருத்துவக் காப்பீடும் மகப்பேற்றுக்கால ஏற்பாடுகளும் அதில் சேர்ந்தன. இவையெல்லாம் அந்தப் பெண்கள் போராடிப் பெற்றவை, அதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனாலும் சிட்னி வாடகை உங்களுக்குத் தெரியும். உங்கள் மகளுக்குக் கிடைப்பது முதன்மை அணியில் இடமா, வளர்ந்துவரும் ஆட்டக்காரர்களுக்கான டெவலப்மென்ட் வீராங்கனை ஒப்பந்தமா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் சம்பளம் ஒன்றல்ல. ரக்பி லீக் வீரர்கள் சங்கத்திடம் ஒப்பந்தத்தைக் காட்டி ஆலோசனை கேட்கலாம். ‘வாழ்க்கையே மாறிவிடும்’ என்று சொல்லும் ஏஜென்ட்டை மட்டும் நம்பிக் கையெழுத்திட வேண்டாம்.

படிப்பை நிறுத்த வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு காரணம் காலண்டரிலேயே இருக்கிறது. லீக் ஜூலையில் தொடங்கி அக்டோபர் தொடக்கத்தில் முடிகிறது. முதல் செமஸ்டரை வழக்கம்போலப் படிக்கலாம். இரண்டாவதில் ஒன்றிரண்டு பாடம் மட்டும் எடுத்துக்கொள்ள முடியுமா என்று பல்கலைக்கழகத்தில் கேட்கட்டும். பட்டம் ஓராண்டு தள்ளிப் போகலாம், போகட்டும். பிசியோதெரபியில் பிற்பாடு மருத்துவமனைப் பயிற்சி வரும். வாரக்கணக்கில் முழுநேரம் அங்கே நிற்க வேண்டியிருக்கும். அப்போது ஆட்டத்தையும் வைத்துக்கொள்வது கடினம். ஆடிப் பார்க்க இந்த முதலிரண்டு ஆண்டுகளே ஏற்றவை. ரியோ ஒலிம்பிக்கில், அணிக்கு ஏழு பேர் ஆடும் ரக்பி செவன்ஸில் தங்கம் வென்ற ஷார்லட் காஸ்லிக் 2020இல் இந்த லீக்கில் ஆட வந்தார், முதுகெலும்பு முறிவோடு வெளியேறினார். மறு ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆடினார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரிக்கே ஒரு சீசன் இப்படிப் போகும் என்றால், 19 வயதுப் பெண்ணுக்குக் கையில் இன்னொரு பிடிமானம் இருக்கத்தான் வேண்டும்.

கல்யாணம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். கைத்தழும்பைப் பார்த்துப் பின்வாங்குகிற குடும்பம் பேச்சு தொடங்கும் முன்பே பின்வாங்கினால் உங்களுக்கு நல்லது. பிள்ளை பெற்றுக்கொண்ட பிறகும் ஆடுகிற பெண்கள் அந்த லீக்கில் இருக்கிறார்கள்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். ஐயா, உங்கள் கோபம் பயத்திலிருந்து வருவது என்று எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தை அவளிடமே வாய்விட்டுச் சொல்லுங்கள். ‘உன் முழங்காலை நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை’ என்றால் அவள் உட்கார்ந்து கேட்பாள். ‘படிப்பைக் கெடுத்துக்கொள்கிறாய்’ என்றால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

அவளுடைய அடுத்த போட்டிக்கு இருவரும் போங்கள். விதிகள் புரியவில்லை என்றால் பரவாயில்லை. ஓர் அணிக்கு 13 பேர், பந்தோடு ஆறு முறை பிடிபட்டால் பந்து மறுபக்கம் போய்விடும், இப்போதைக்கு இது போதும். ஆட்டம் 70 நிமிடம். சிட்னியில் ஜூலை மாலைகள் குளிரும், அவருக்கும் சேர்த்து ஒரு ஃபிளாஸ்க்கில் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள்.