பட்டறை பதில்கள்: மூன்று சக்கரத்தில் பாரம்

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி எடுத்து, பழனிப் பக்கம் தெருத்தெருவாக விற்கிறேன். லோடு ஆட்டோ வாங்க ஆசை. “மூணு சக்கரம், வளைவில் கவிழ்ந்துவிடும்” என்று வீட்டில் பயப்படுகிறார்கள். வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். ஆனால் வீட்டார் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆட்டோவின் மூன்று சக்கரங்களையும் கோடு போட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். பின்னால் அகலம், முன்னால் கூர்முனை. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடை அந்த முக்கோணத்துக்குள் விழும்வரை கவலையில்லை. திரும்பிக்கொண்டே பிரேக் அடித்தால் எடை முன்னே பாய்கிறது. அங்கே முக்கோணம் குறுகல், வண்டி சாய்ந்துவிடும். முப்பது வருடத்தில் என் பட்டறைக்குக் கவிழ்ந்து வந்த ஆட்டோக்களில் பாதிக்கு மேல் இந்தக் கதைதான். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

அப்புறம், சரக்கு அடுக்கும் முறை. வெங்காயம், உருளைக்கிழங்கு, பூசணி எல்லாம் அடியில். கீரைக்கட்டும் முருங்கைக்காயும் மேலே. பின்கதவைத் திறந்துபோட்டு அதன்மேல் மூட்டை வைக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். திண்டுக்கல்லில் என் வாடிக்கையாளர் ஒருவர் அப்படி ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது முன் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஹேண்டிலைத் திருப்புகிறார், வண்டி திரும்பவில்லை. நல்லவேளை, எதிரே யாரும் வரவில்லை. பட்டறைக்கு வந்து டீ கிளாஸைப் பிடிக்க முடியாமல் அவர் கை நடுங்கியது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கொடைக்கானல் மலைக்கும் லோடு எடுப்பேன் என்றால் மட்டும், நாலு சக்கர வண்டியாகப் பாருங்கள்.

கேள்வி: முன்னால் இரண்டு சக்கரம் வைத்தால் கவிழாது அல்லவா? ஏன் வைக்கவில்லை?

வைத்தார்கள். இங்கிலாந்தில் மார்கன் கம்பெனி 1910-லேயே அப்படி ஒரு கார் காட்டியது. பிரேக்கில் அது நம் ஆட்டோவைவிட நிதானம். ஆனால் நம் ஆட்டோவின் வம்சம் வேறு. இத்தாலியின் பியாஜியோ 1948-ல் கொண்டுவந்த ‘ஆபே’தான் மூத்தது, அவர்கள் மொழியில் தேனீ என்று பொருள். போர் முடிந்து காசில்லாமல் நின்ற சிறு வியாபாரிகளுக்காக, வெஸ்பா ஸ்கூட்டரின் முன்பாதியை வைத்துக்கொண்டு பின்னால் இரண்டு சக்கரமும் ஒரு பெட்டியும் சேர்த்தார்கள். ஒற்றைச் சக்கரத்தைத் திருப்ப ஒரு ஹேண்டில் போதும். விலை குறைந்தது, சந்துக்குள்ளும் வளைந்தது.

கேள்வி: சென்னை காசிமேட்டில் அப்பாவின் மீன்பாடி வண்டியை, அதாவது மீன் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டியை, ஓட்டுகிறேன். மிதித்து முட்டி தேய்கிறது. பழைய பைக் எஞ்சின் பொருத்தலாமா?

உங்கள் முட்டி வலி எனக்குப் புரிகிறது, இருந்தாலும் வேண்டாம். மிதிவண்டிக்கான இரும்புச் சட்டகமும் பிரேக்கும் எஞ்சின் வேகத்தைத் தாங்காது. அந்த வண்டிக்குப் பதிவு கிடையாது, ஆகவே இன்ஷூரன்ஸும் கிடையாது. யார் மேலாவது மோதினால் இழப்பீடு முழுவதும் உங்கள் தலையில்.

முறையாக அனுமதி பெற்ற ‘இ-கார்ட்’ என்ற சிறிய பேட்டரி சரக்கு வண்டிகள் இருக்கின்றன. சட்டப்படி 310 கிலோ வரை ஏற்றலாம், மணிக்கு 25 கிலோமீட்டருக்கு மேல் போகாது. மீன் கூடைக்கும் ஐஸுக்கும் அது போதும். வாங்கும்போது பேட்டரி உத்தரவாதம் எத்தனை வருடம் என்று எழுத்தில் கேளுங்கள். உப்புத் தண்ணீர் சொட்டும் இடம் என்பதால் ஒயர் இணைப்புகளைத் தினமும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்ட பிறகே சார்ஜ் போடுங்கள்.