அலுவலர் பெரிதா, உதவியாளர் பெரிதா?

கேள்வி: என் மகள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வில் தேறி, கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறாள். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். உறவினர்களோ, “கிராம நிர்வாக அலுவலர் என்றால் அதிகாரி, உதவியாளர் என்றால் எடுபிடி வேலைதானே?” என்கிறார்கள். எது மேலான பதவி?

பதில்: பெயரைப் பார்த்து உறவினர்கள் ஏமாந்திருக்கிறார்கள். இரண்டு பதவிகளுக்கும் தேர்வு ஒன்றே. குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் பத்தாம் வகுப்புத் தேர்ச்சிதான். கிராம நிர்வாக அலுவலராகச் சேர்பவருக்குச் சில ஆண்டுப் பணிக்குப் பிறகு வருவாய்த் துறையில் கிடைக்கும் பதவி உயர்வின் பெயரே ‘உதவியாளர்’ என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

‘உதவியாளர்’ என்ற ஒரே சொல் பல நிலைகளுக்கு வழங்குவதால்தான் இந்தக் குழப்பம். முன்பு பியூன் என்று அழைக்கப்பட்டவர் இன்று அலுவலக உதவியாளர்; தலையாரி என்று ஊர் அறிந்தவர் கிராம உதவியாளர். இளநிலை உதவியாளர் இந்த இருவரிலும் சேராத எழுத்துப் பணியாளர். அவருக்கு மேல்நிலையில் இருப்பவர் உதவியாளர். ‘உதவி’ என்பது பதவிப் பெயருக்கு முன்னால் வந்தாலோ பொருளே வேறு: உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) மாவட்ட அளவிலான உயர் அலுவலர்.

குடிநீர்க் குழாய் கேட்டு ஒருவர் ஒன்றிய அலுவலகத்தில் மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தன்பதிவேட்டில் பதிந்து, கோப்புத் தொடங்கி, விதியையும் முந்தைய ஆணையையும் எடுத்துக்காட்டிக் குறிப்பெழுதி, பதிலுக்கு வரைவும் இணைத்து மேலே அனுப்புவது அந்தப் பிரிவைக் கவனிக்கும் உதவியாளரின் வேலை. கையொப்பமும் அதற்குரிய பொறுப்பும் வட்டார வளர்ச்சி அலுவலருடையவை. ஆனால் குறிப்பு பிழையாக இருந்தால் முடிவும் பிழையாகிவிடும் என்பதால், இந்த நாற்காலியை நான் ஒருபோதும் சிறியதாக எண்ணியதில்லை. ஊரக வளர்ச்சித் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்பவர் உதவியாளர், துணை வட்டார வளர்ச்சி அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் என்று படிப்படியாக உயர முடியும்.

கிராம நிர்வாக அலுவலர் உள்ளாட்சிப் பணியாளரே அல்லர். வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பரம்பரையாக வந்த மணியக்காரர், கர்ணம் பதவிகளை 1980-இல் அரசு ஒழித்த பிறகு உருவான பதவி அது. வயலுக்குச் சென்று பார்த்து அடங்கல் என்னும் கிராமப் பயிர்க் கணக்கில் பயிரைப் பதிவது, சான்றிதழ் விண்ணப்பங்களை விசாரித்து அறிக்கை தருவது, வெள்ளக் காலத்தில் சேதக் கணக்கெடுப்பது எனப் பெரும்பாலும் வெளியில் அலையும் வேலை. மதிப்பும் உண்டு, நெருக்கடியும் உண்டு. தமக்குரிய கிராமத்திலேயே குடியிருக்க வேண்டும் என்ற விதியும் இருப்பதால், உங்கள் மகளால் அது இயலுமா என்பதைக் கலந்தாய்வுக்கு முன்பே அவளோடு பேசிக்கொள்ளுங்கள்.