ஏரியை நிலா ஏன் இழுக்கவில்லை?

அன்புள்ள ஐயா,

ஒடுகத்தூர் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் கடல் ஓதங்கள், அதாவது கடல்நீர் தினமும் ஏறி இறங்குவது பற்றி நடத்தினேன். வகுப்பில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததில்லை. பலகையில் பூமியையும் நிலாவையும் வரைந்து, நிலா கடல்நீரை இழுக்கிறது என்று சொன்னதும் ஒரு பையன் எழுந்து, "அப்ப எங்க ஊர் ஏரியை ஏன் இழுக்கல?" என்றான். வகுப்பே சிரித்தது. "ஏரி சின்னதுப்பா, உட்காரு" என்று சொல்லி அடுத்த பத்திக்குப் போய்விட்டேன்.

கடலே பார்க்காத பிள்ளைகளுக்கு இதை எப்படிப் புரியவைப்பது? நல்ல வீடியோ ஏதாவது உண்டா? மெரினாவுக்கு ஒருநாள் கூட்டிப்போனால் உதவுமா? "பாலாற்றிலேயே தண்ணி இல்ல, இதுங்களுக்குக் கடல் ஓதம் எதுக்கு" என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். அவருக்கு என்ன சொல்வது?

க., வேலூர் மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

காட்பாடி ஜங்ஷனில் ரயிலுக்கு நிற்கும்போதெல்லாம் மஞ்சள் பெயர்ப்பலகையின் அடியில் இருக்கும் அந்தச் சின்ன எண்ணைப் பார்ப்பேன். கடல் மட்டத்திலிருந்து இந்த இடம் இத்தனை மீட்டர் உயரம் என்கிற எண். எந்தக் கடல், எந்த நேரத்து மட்டம் என்று கொஞ்ச காலமாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடல்தான் ஓரிடத்தில் நிற்பதே இல்லையே. ஏறி இறங்கும் தண்ணீரை வருடக்கணக்கில் அளந்து சராசரி எடுத்தால்தான் அந்த மட்டம் கிடைக்கும். சென்னை, நாகப்பட்டினம், கொச்சி, பம்பாய் என்று ஒன்பது கடற்கரை நிலையங்களில் ஓதத்தை அளந்த கணக்கை வைத்துத்தான் 1909-இல் இந்த நாட்டின் உயரங்களுக்கெல்லாம் அடிமட்டம் குறித்தார்கள். உங்கள் சக ஆசிரியரை ஒருநாள் காட்பாடிக்கு அழைத்துப்போய் அந்தப் பலகையைக் காட்டுங்கள். அவருக்கு அது போதும்.

வீடியோவை விடுங்கள். நான் பார்த்தவற்றில் பல, விஷயத்தின் பாதியைத் தப்பாகச் சொல்கின்றன. மெரினாவுக்குத் தாராளமாகக் கூட்டிப்போங்கள், பிள்ளைகள் கடலைப் பார்க்கட்டும். ஆனால் ஓதத்தைக் காட்டுவதற்காக என்றால் வேண்டாம். சென்னையில் பெரிய ஓதமே சுமார் ஒரு மீட்டர்தான். அதுவும் ஆறு மணி நேரத்தில் மெதுவாக ஏறும். இரண்டு மணி நேரம் மணலில் நிற்கும் பிள்ளைகள் அலையைப் பார்த்துவிட்டு அதுதான் ஓதம் என்று நினைத்துத் திரும்புவார்கள். குஜராத்தில் பவநகர் பக்கம் என்றால் வேறு கதை. அங்கே பத்து மீட்டர் வரை ஏறும். பக்கத்தில் அலங்கில் பழைய கப்பல்களை உடைப்பதற்காகக் கரையேற்றுவதே அந்தத் தண்ணீரை நம்பித்தான்.

சரி, எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். அந்தப் பையனை எப்படி உட்காரச் சொல்ல மனம் வந்தது உங்களுக்கு? கடற்கரையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி சட்டென்று வராது, தண்ணீர் ஏறுவதையும் வற்றுவதையும் பார்த்துப் பழகிவிட்டிருக்கும். ஏரிக்கரையில் வளர்ந்தவனுக்குத்தான் அது தோன்றும். ஓதம் எப்படி வேலை செய்கிறது என்பதன் கதவே அந்தக் கேள்விதான். ஏரி சின்னது என்று நீங்கள் சொன்னது பொய் இல்லை. ஏன் சின்னதாக இருந்தால் வராது என்று சொல்லவில்லையே! வகுப்பு சிரித்ததும் நீங்களும் அந்தச் சிரிப்போடு சேர்ந்துகொண்டீர்கள். அது உங்களை உறுத்தியதால்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால்தான் உரிமையோடு திட்டுகிறேன்.

நிலா ஏரியையும் இழுக்கிறது. ஏரிக்கரையை, பள்ளிக்கூடத்தை, அந்தப் பையனை, எல்லாவற்றையும் இழுக்கிறது. ஏரியின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நிலாவின் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் இழுப்பும் ஒன்றுபோலவே இருக்கிறது. எல்லாம் சேர்ந்து ஒரே மாதிரி இழுபடும்போது எதுவும் எதையும் விட்டு விலகாது. ஓதத்துக்குக் காரணம் இழுப்பு அல்ல, இடத்துக்கு இடம் இழுப்பில் வரும் வித்தியாசம். பூமியின் குறுக்களவு 12,700 கிலோமீட்டர், நிலா இருப்பது 3,84,000 கிலோமீட்டர் தள்ளி. அதனால் நிலாவைப் பார்த்த பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் இழுப்பு சுமார் ஏழு சதவீதம் மாறுகிறது.

இந்த வித்தியாசம் தண்ணீரை மேலே தூக்கிவிடாது. பூமி நம்மைக் கீழே இழுக்கும் விசையில் கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் அது. ஆனால் பக்கவாட்டில் அதைத் தடுக்க எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சமுத்திரத்தில் நீர் பக்கவாட்டில் நகர்ந்து வந்து குவிகிறது. ஐந்து கிலோமீட்டர் நீள ஏரிக்கு இதே கணக்கைப் போட்டால் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. காவேரிப்பாக்கம் ஏரியிலும் கண்ணுக்குத் தெரியாது. ஒரு காற்று அடித்தால் அதைவிட அதிகம் தண்ணீர் ஒதுங்கும்.

சூரியனைக் கொண்டு இதைச் சோதிக்கச் சொல்லுங்கள். சூரியன் பூமியை நிலாவைவிட 180 மடங்கு பலமாக இழுக்கிறது. இழுப்புதான் காரணம் என்றால் ஓதம் முழுக்கச் சூரியனுடையதாக இருக்க வேண்டும். ஆனால் சூரியனால் வரும் ஓதம், நிலாவால் வருவதில் பாதிகூட இல்லை. சூரியன் 15 கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால் பூமியின் இரண்டு பக்கத்துக்கும் இழுப்பு பெரிதாக மாறுவதில்லை. இரண்டும் ஒரே கோட்டில் சேரும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரிய ஓதம், ஒன்றுக்கொன்று குறுக்கே நிற்கும் அஷ்டமியை ஒட்டிச் சின்ன ஓதம். தினசரி காலண்டர் இல்லாத வீடு உங்கள் ஊரில் இருக்காது. பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவர்களின் பிள்ளைகளுக்கு இதைத் தனியாக மனப்பாடம் செய்யவைக்க வேண்டுமா?

அடுத்து அவன் கேட்கப்போவது, ஏன் தினம் இரண்டு தடவை என்று. வீடியோக்கள் தப்பு செய்வது இங்கேதான். பூமி சுற்றும் வேகத்தில் மறுபக்கத்துத் தண்ணீர் வெளியே தள்ளப்படுகிறது என்கிறார்கள். பூமியின் சுழற்சியால் வரும் உப்பல் நிலநடுக்கோட்டைச் சுற்றி எப்போதும் ஒரே மாதிரி இருப்பது, அது ஏறி இறங்காது. தயவுசெய்து அதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். மூன்று பிள்ளைகளை மைதானத்தில் வரிசையாக ஓடவிடுங்கள். முன்னால் இருப்பவன் வேகமாக, நடுவில் இருப்பவன் கொஞ்சம் மெதுவாக, கடைசி ஆள் இன்னும் மெதுவாக. நடுவில் ஓடியவனைக் கேளுங்கள்: முன்னால் போனவனும் விலகினான், பின்னால் வந்தவனும் விலகினான் என்பான். நடுவில் ஓடியவன்தான் பூமி. முன்னும் பின்னும் இருப்பவை இரண்டு பக்கத்துக் கடல்.

அவனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். அவன் ஏரி ஏறி இறங்கத்தான் செய்கிறது, கரையோடும் மலையோடும் சேர்ந்து. பாறையும் நிலாவுக்கு இளகுகிறது. வேலூர்க் கோட்டை நிற்கிற தரை தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிறது, 30 சென்டிமீட்டருக்கு மேல் போகும் நாட்களும் உண்டு. எல்லாம் சேர்ந்தே ஏறுவதால் நமக்குத் தெரிவதில்லை. கடலே இல்லாத ஜெனீவாவில், பூமிக்கடியில் அணுத்துகள்களை அதிவேகத்தில் ஓடவிடும் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையமான துகள் முடுக்கி ஒன்றில் 1990-களில் இதைக் கண்டார்கள். நிலாவால் அந்த வளையம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீண்டு சுருங்கியது.

என் ஆயாவுக்கு (பாட்டிக்கு) போளூர் பக்கம் கொஞ்சம் மானாவாரி நிலம் இருந்தது. காலாண்டு லீவில் மல்லாட்டை (நிலக்கடலை) காவலுக்கு என்னையும் கூட்டிப்போகும். பௌர்ணமிக்கு மறுநாளிலிருந்து, பொழுது சாய்ந்து நிலா வருவதற்குள் ஒரு இருட்டு விழும். காட்டுப்பன்றி இறங்குவது அந்த இருட்டில்தான். "இன்னைக்கு ரெண்டு நாழிகை தள்ளித்தான் வரும், அதுக்குள்ள தூங்கிடாதடா" என்று சொல்லும். மறுநாள் நாலு நாழிகை, அதற்கடுத்த நாள் ஆறு. நான் தூங்கிவிழுந்தால் தகர டின்னைக் காதருகே தட்டும், எழுந்ததும் மடியிலிருந்து வறுத்த மல்லாட்டை எடுத்துக் கொடுக்கும். ஒரு நாழிகை 24 நிமிஷம். இரண்டு நாழிகை 48. நிலா தினமும் சராசரியாக 50 நிமிஷம் தள்ளி உதிக்கிறது, சென்னைத் துறைமுகத்தில் ஓதமும் அதே அளவுதான் தள்ளிப்போகிறது. ஒரு பெரிய ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே 12 மணி 25 நிமிஷம் என்று காலேஜில் படித்தபோது, ஆயாவின் நாழிகைக் கணக்கை உடனே போட்டுப் பார்த்தேன். சரியாக வந்தது.

டீச்சர், கடலுக்குப் போகாமலே நீங்கள் செய்யக்கூடிய வேலை இது. பௌர்ணமிக்கு மறுநாள் தொடங்கி ஒரு வாரம், நிலா கண்ணில் பட்ட நேரத்தை ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டு வாசலிலிருந்து குறிக்கட்டும். மலை மறைக்கும் ஊர் என்பதால் எல்லோருக்கும் ஒரே நேரம் வராது. தினமும் ஒரே இடத்தில் நின்று பார்த்தால் போதும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸ் துறைமுகங்களின் ஓத நேரத்தை இணையத்தில் தருகிறது. சென்னைக்கு ஒரே ஒரு நாள் கணக்கை மட்டும் எடுத்துப் பலகையில் எழுதுங்கள். அடுத்த ஆறு நாட்களைப் பிள்ளைகளே கணக்கிடட்டும், அப்புறம் ஒப்பிடுங்கள். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஓதம் தள்ளிப்போவது 50 நிமிஷத்தைவிடக் குறையும், அஷ்டமி நெருங்க நெருங்கக் கூடும். விடை பொருந்தவில்லை என்று யாரையும் அழிக்கச் சொல்லாதீர்கள். அந்தக் கூடுதல் குறைவு சூரியனால் வருவது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இன்னொரு பீரியட் கொடுங்கள்.

அன்புடன்.