தினமும் ஒரு குவார்ட்டர் மட்டும் குடித்தால் வயதான பின் ஞாபகம் போகுமா? ஆண், பெண் வித்தியாசம் உண்டா?

போக வாய்ப்பு அதிகம். சிக்கலே அந்த "மட்டும்"தான்.

லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வரும் வைட்ஹால் ஆய்வில், 2014-ல் சுமார் 5,000 ஆண்கள், 2,100 பெண்களின் கணக்கு வெளியானது. நடுவயதில் தினம் 36 கிராமோ அதற்கு மேலோ ஆல்கஹால் எடுத்த ஆண்களுக்கு, குறைவாகக் குடித்தவர்களைவிட மூளைத்திறன் வேகமாகச் சரிந்தது. ஒன்றரை முதல் ஆறு வயது வரை கூடுதலாக மூப்படைந்த மாதிரி.

சரி, 36 கிராம் என்றால் எவ்வளவு? டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம். அதாவது 77 மில்லி சுத்த ஆல்கஹால், எடையில் சுமார் 61 கிராம். ஒரு கட்டிங் (பாதிக் குவார்ட்டர்) போட்டு மேலே ஒரு மடக்கு குடித்தாலே 36 வந்துவிடும். ஷிப்ட் முடிந்து "கொஞ்சமாத்தானுங்க" என்று நம்மாட்கள் சொல்கிற குவார்ட்டர், அங்கே அதிகக் குடி வரிசையில் உச்சாணியில் நிற்கும்.

பள்ளிபாளையத்தில் தறி வைத்திருந்த என் பெரியப்பா வாரக் கூலிக் கணக்கை நோட்டு இல்லாமலே போடுவார். அறுபதைத் தாண்டியதும், முன்பணத்தைக் கழித்தாயிற்றா என்று அதே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்க ஆரம்பித்தார். குடிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சர்க்கரையும் இருந்தது.

பெண்கள் விஷயத்தில், அதே ஆய்வில் குடிக்கவே குடிக்காத பெண்களுக்குத்தான் சரிவு வேகம். உடனே "பொம்பளைங்க கொஞ்சம் குடிச்சா நல்லதாம்" என்று வாட்ஸ்அப்பில் ஓட்டுகிறார்கள். லண்டனில் ஒரு பெண் குடிக்காமல் இருந்தால் உடல்நிலை போன்ற வேறு காரணம் இருக்கலாம். நம் அமுச்சி (பாட்டி) குடிக்காதது அந்தக் கணக்கில் வராது. பெண் உடம்பில் நீர்ச்சத்தும் குறைவு, அதனால் அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் ஆல்கஹால் கூடுதலாக ஏறும்.

அதே ஊழியர்களில் 550 பேரின் மூளை ஸ்கேன் முடிவுகள் 2017-ல் வந்தன. அளவாகக் குடித்தவர்களுக்கும் ஞாபகத்துக்கான ஹிப்போகேம்பஸ் பகுதி சுருங்கியிருக்கும் வாய்ப்பு கூடியிருந்தது.

அப்புறம், சோறு தின்னாமல் குடிக்கிறவர்களுக்கு பி1 சத்து வற்றிப்போய் தனியாக ஒரு மறதி நோயே வரும். ஆரம்பத்திலேயே பிடித்தால் ஊசி போட்டுத் தேற்றலாம், டாக்டரிடம் குடியை மறைக்காதீர்கள். வருஷக்கணக்காகத் தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், நிறுத்துவதையும் டாக்டரைக் கேட்டே செய்யுங்கள்.