4440 ஆம்ப்ளிஃபயர் பவர் சப்ளைக்கு 4007 டயோடு போதுமா, சாட்கி போடலாமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 4440 ஆம்ப்ளிஃபயர் ஐசி போர்டுக்கு 12-0-12, 5 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிவிட்டீர்கள். ஃபில்டருக்கு 4700 எம்எஃப்டி (மைக்ரோஃபாரட்) கபாசிட்டர். கடைக்காரர் 4007 டயோடு இரண்டைக் கொடுத்து இதுவே போதும் என்கிறார். நண்பரோ சாட்கி டயோடு (வோல்டேஜ் இறக்கம் குறைவான, வேகமான வகை) போட்டால் சவுண்டு சுத்தமாக வரும் என்கிறார். எதைப் போடுவது?

இரண்டும் வேண்டாம். 1என்5408 என்று கேட்டு இரண்டு வாங்குங்கள். அது இல்லையென்றால் 6ஏ4. விலையில் சில ரூபாய்தான் வித்தியாசம். காரணத்தையும் தெரிந்துகொண்டால் நாளைக்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர் கையில் வந்தாலும் யாரையும் கேட்காமல் நீங்களே டயோடு தேர்ந்தெடுப்பீர்கள்.

கடைக்காரர் சொன்னதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 4440 போர்டு நன்றாகச் சத்தமாக வைத்தாலும் ஒன்றரை, இரண்டு ஆம்பியருக்கு மேல் இழுக்காது. சென்டர் டேப் முறையில், அதாவது டிரான்ஸ்ஃபார்மரின் நடு வயரை நெகட்டிவாக வைக்கும் முறையில், இரண்டு டயோடுகளும் மாறி மாறி வேலை செய்வதால் ஒவ்வொன்றுக்கும் சராசரியாகப் பாதிதான் வரும், அதாவது 1 ஆம்பியருக்குள். 4007 டயோடு 1 ஆம்பியர் டயோடு. அதனால் போதும் என்று தோன்றுகிறது. சராசரி என்ற வரைக்கும் அது சரிதான். ஆனால் பவர் சப்ளையில் டயோடைக் கொல்வது சராசரி கரண்ட் அல்ல.

கபாசிட்டர் போட்ட ரெக்டிஃபயரில் (ஏசியை டிசியாக்கும் பகுதியில்) டயோடு முழு நேரமும் கடத்துவதில்லை. ஏசி அலை உச்சத்தை நெருங்கும்போதுதான், கபாசிட்டரில் இருக்கும் வோல்டேஜைவிட அலை மேலே போகும் அந்தச் சின்ன இடைவெளியில்தான், கரண்ட் பாயும். 10 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை, இரண்டு மூன்று மில்லிசெகண்ட் மட்டும். அந்த நேரத்துக்குள் முழு லோடுக்கும் வேண்டியதைக் கொடுத்தாக வேண்டும் என்பதால் 2 ஆம்பியர் லோடுக்கு ஒவ்வொரு துடிப்பும் 8, 10 ஆம்பியர் வரை ஏறும். 4007 சூடாவது இதனால்தான். ரிப்பேருக்கு வரும் செட்டுகளில் நான் முதலில் பார்ப்பது டயோடுக்குக் கீழே போர்டு கறுத்திருக்கிறதா என்பதை. காலைச் சுற்றி ஈயம் மங்கி, மெல்லிய வளையமாக வெடிப்பு விட்டிருக்கும். விரலால் ஆட்டினால் கால் ஆடும். அப்படிப்பட்ட இடத்தில் பெரும்பாலும் 4007தான் இருக்கும்.

இன்னும் பெரிய அடி சுவிட்ச் போடும் நொடியில் விழுகிறது. காலியாக இருக்கும் கபாசிட்டர் அந்தக் கணத்தில் ஷார்ட்டுக்குச் சமம். அப்போது கரண்டைக் கட்டுப்படுத்துவது டிரான்ஸ்ஃபார்மரின் வைண்டிங் மட்டும்தான். உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 5 ஆம்பியர். முழு லோடில் அது ஒன்றரை வோல்ட் இறங்கும் என்று வைத்தால் உள் தடை சுமார் 0.3 ஓம். 12 வோல்ட் ஏசியின் உச்சம் 12 × 1.414 = 17 வோல்ட். 17ஐ 0.3ஆல் வகுத்துப் பாருங்கள்: 56 ஆம்பியருக்கு மேல்! 4007 டேட்டாஷீட்டில் ஒரு அரை அலைக்குத் தாங்கும் சர்ஜ் கரண்ட் (திடீரென்று பாயும் கரண்ட்) 30 ஆம்பியர். 4700 எம்எஃப்டி சீக்கிரம் நிறைந்துவிடுவதால் இந்த அடி ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் அடங்கிவிடும், அதனால் 4007 தப்பிக்கலாம். ஹம் (ஸ்பீக்கரில் வரும் உறுமல்) குறையட்டும் என்று நீங்களே ஒரு நாள் 10000 எம்எஃப்டி மாட்டினால் தப்பிக்காது. 5408 டயோடின் சர்ஜ் கரண்ட் 200 ஆம்பியர், 6ஏ4 டயோடுக்கு 400. இதே 4007 டயோடை 12 வோல்ட், அரை ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரில் போட்டால் வருடக்கணக்கில் ஓடும். சின்ன டிரான்ஸ்ஃபார்மரின் மெல்லிய வைண்டிங்கே சில ஓம் இருப்பதால் சர்ஜ் அங்கேயே அடங்கிவிடுகிறது. ஆகவே டயோடைத் தேர்வு செய்யும்போது லோடை மட்டும் பார்க்காமல் டிரான்ஸ்ஃபார்மர் எவ்வளவு பெரியது, கபாசிட்டர் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

இரண்டு 4007 டயோடுகளை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி 2 ஆம்பியர் ஆக்கும் பழக்கம் ஒன்று உண்டு. செய்யாதீர்கள். இரண்டும் கரண்டைச் சமமாகப் பிரித்துக்கொள்வதில்லை. சூடான டயோடில் வோல்டேஜ் இறக்கம் குறையும், அதனால் அது இன்னும் அதிகக் கரண்ட் எடுக்கும், இன்னும் சூடாகும். கடைசியில் ஒன்றுதான் எல்லாவற்றையும் சுமக்கிறது.

சரி, சாட்கிக்கு வருவோம். கடையில் எளிதாகக் கிடைக்கும் 3 ஆம்பியர் சாட்கி 1என்5822. வோல்டேஜ் இறக்கம் 3 ஆம்பியரிலேயே அரை வோல்ட் அளவுதான், நல்ல டயோடு. ஆனால் அது தாங்கும் ரிவர்ஸ் வோல்டேஜ், அதாவது கடத்தாதபோது தலைகீழாக வரும் வோல்டேஜ், 40 மட்டும். சென்டர் டேப் முறையில் ஒரு டயோடு கடத்தும்போது கடத்தாத டயோடின் மேல் இரண்டு பக்க வைண்டிங்கின் உச்சமும் சேர்ந்து நிற்கும். அதாவது 17 அல்ல, 34. இத்தோடும் முடியவில்லை. டிரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருக்கும் 12 வோல்ட் முழு லோடில் வருவது. லோடு இல்லாதபோது பத்து சதவீதம் கூட வரும், 13.2 என்று வையுங்கள். ராத்திரியில் லைன் வோல்டேஜ் 230க்குப் பதில் 250 வந்தால் 14.4 ஆகிவிடும். அதன் உச்சம் 20 வோல்டைத் தாண்டும், இரட்டிப்பானால் 41. 40 வோல்ட் டயோடு அங்கேயே எல்லையைக் கடந்துவிட்டது. மெயின்ஸில் வரும் ஸ்பைக்கை நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ரிவர்ஸ் வோல்டேஜ் விஷயத்தில் கணக்குக்கு இரண்டு மடங்காவது வைப்பது என் வழக்கம். உங்கள் சர்க்யூட்டுக்கு 100 வோல்டுக்குக் குறைந்து எதுவும் வேண்டாம். 5408 டயோடு 1000 வோல்ட், 6ஏ4 டயோடு 400. அந்தக் கவலையே இல்லை.

டயோடு செத்தால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் சாகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சென்டர் டேப்பில் ஒன்று ஷார்ட் ஆனால் கபாசிட்டருக்குள் ஏசி நேராகப் போகிறது. எலெக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் அதைத் தாங்காது, உப்பி வெடிக்கும். டிரான்ஸ்ஃபார்மரும் கருகும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து டயோடுக்கு வரும் இரண்டு வயரிலும் தனித்தனியாக 3 ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் போடுவது இதற்காகத்தான்.

சவுண்டு சுத்தமாகும் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. 50 ஹெர்ட்ஸில் சாட்கியின் வேகத்துக்கு வேலையே கிடையாது. டயோடு அணையும்போது எழும் சின்ன சலசலப்பு ஏஎம் ரேடியோவில் கேட்கலாம். அதற்கு ஒவ்வொரு டயோடின் இரண்டு கால்களுக்கும் குறுக்கே ஒரு 103 (0.01 எம்எஃப்டி) டிஸ்க் கபாசிட்டர் வைத்தால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது, உங்கள் விஷயத்தில் அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 4440 ஐசி வேலை செய்யக் கம்பெனி சொல்வது 13.2 வோல்ட், உச்ச வரம்பு 18. மேலே போட்ட கணக்கில் ராத்திரி வோல்டேஜில் கபாசிட்டரில் 19, 20 வோல்ட் நிற்கும். இந்த நிலையில் சாட்கி போட்டுக் கொஞ்சநஞ்ச இறக்கத்தையும் குறைத்தால் ஐசிக்குத்தான் ஆபத்து. 5 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி சர்க்யூட்டுகளில், அரை வோல்ட் மிச்சமானாலும் லாபம் என்கிற இடத்தில் சாட்கி தங்கம். இங்கே சாதாரண சிலிக்கான் டயோடின் இறக்கம்தான் உங்களுக்கு உதவி.

எஸ்எம்பிஎஸ் (வேகமாக ஸ்விட்ச் செய்து இயங்கும் பவர் சப்ளை) போர்டு என்றால் கதையே வேறு. அங்கே மெயின்ஸ் பக்கத்து பிரிட்ஜுக்கு 4007 சரியான டயோடு. 230 வோல்டின் உச்சமே 325 என்பதால் 1000 வோல்ட் பொருந்தும். ஆனால் செகண்டரி பக்கம் பல்லாயிரம் ஹெர்ட்ஸில் ஓடுகிறது. 4007 அவ்வளவு வேகமாக அணையாது. அங்கே போட்டால் லோடு குறைவாக இருந்தும் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிப் போய்விடும். வோல்டேஜுக்கு ஏற்றபடி சாட்கியோ, யூஎஃப் 4007 மாதிரி வேகமான டயோடோதான் அங்கே போட வேண்டும். பெயரில் 4007 இருக்கிறதே என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை மாட்டிவிடாதீர்கள்.

வாங்கும்போது 5408 டயோடின் காலைப் பாருங்கள். நல்லது என்றால் ஒன்றேகால் மில்லிமீட்டர் தடிமனில், வளைக்கக் கொஞ்சம் பலம் கேட்கும் கம்பியாக இருக்கும். 4007 கால் மாதிரி மெல்லிசாக இருந்தால் மேலே என்ன எழுதியிருந்தாலும் வாங்க வேண்டாம். 3 ஆம்பியர் டயோடின் சூடு வெளியேறும் வழியே அந்தக் கால்தான். அதே காரணத்துக்காக, போர்டோடு ஒட்டி மாட்டாமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கி வையுங்கள். இரண்டு டயோடின் வெள்ளைக் கோட்டுப் பக்கமும் ஒன்றாகச் சேர்ந்து கபாசிட்டரின் பாசிட்டிவுக்குப் போக வேண்டும், நடு வயர் நெகட்டிவுக்கு. கபாசிட்டர் 25 வோல்டுக்குப் பதில் 35 வோல்டாக இருக்கட்டும்.

ஐசி போர்டைச் சேர்க்காமல், பிரைமரியில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரியலாக வைத்து முதல் முறை சுவிட்ச் போடுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி அடங்கினால் எல்லாம் சரி. பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் ஒரு டயோடு திரும்பியிருக்கிறது, உடனே அணையுங்கள். பிறகு பல்பை எடுத்துவிட்டு ராத்திரி நேரத்தில் கபாசிட்டர் வோல்டேஜை அளந்து பாருங்கள். 17ஐத் தாண்டினால் இன்னும் மூன்று 5408 வாங்கி, கபாசிட்டருக்கும் போர்டுக்கும் நடுவே பாசிட்டிவ் வயரில் வரிசையாகப் போடுங்கள், இரண்டு வோல்டுக்கு மேல் இறங்கிவிடும். கடைக்காரர் டிரான்ஸ்ஃபார்மரை மாற்றித் தருவாரென்றால் இது எதுவும் வேண்டாம், 9-0-9 வாங்கிக்கொள்ளுங்கள். டயோடு அதே 5408தான்.