பிரித்தானியாவில் தஞ்சக் கோரிக்கை மறுக்கப்பட்டால்: மேன்முறையீடு பற்றிக் கேள்வி பதில்

இலங்கைத் தமிழரின் தஞ்சக் கோரிக்கையை உள்துறை அமைச்சு நிராகரித்த பிறகு என்ன செய்வது? நம் உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, இந்த வழக்குகளையே நடத்தும் சொலிசிட்டர் ஒருவரின் பதில்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது அண்ணா. ஊரிலிருந்து ஆதாரங்கள் வந்தபின் மேன்முறையீடு செய்யலாமா?

காத்திருக்காதீர்கள் தம்பி. நாட்டுக்குள் இருப்பவருக்கு, முடிவு அனுப்பப்பட்ட நாளிலிருந்து 14 நாள்தான். கையில் கிடைத்த நாளிலிருந்து அல்ல. முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் முதலில் மேன்முறையீட்டைப் பதிந்துவிடுங்கள், ஆதாரங்களைப் பிறகு சேர்க்கலாம். கோரிக்கை ‘தெளிவாக ஆதாரமற்றது’ என்று கடிதத்தில் சான்றிட்டிருந்தால் மட்டும் இந்த வழி கிடையாது. அப்படியானால் அன்றைக்கே சொலிசிட்டரைப் பாருங்கள்.

கையில் பணமில்லை. எழுத்து மூலம் மட்டும் விசாரித்தால் கட்டணம் குறைவாமே?

குறைவுதான். ஆனால் உங்களை நம்பவில்லை என்றுதானே மறுத்திருக்கிறார்கள்? உங்கள் முகத்தையே பார்க்காத நீதிபதி எப்படி நம்புவார்? நேரடி விசாரணையையே கேளுங்கள். சட்ட உதவியோ தஞ்ச உதவிப் பணமோ பெறுபவருக்குக் கட்டணமே இல்லை. இன்னொன்று: பதிவில்லாதவர் குடிவரவு ஆலோசனை தருவது 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தெரிந்த ஓர் ‘அண்ணையிடம்’ பணம் கட்டியவர்களின் கோப்புகளை நான் நிறையவே பார்க்கிறேன்.

போர் 2009இல் முடிந்துவிட்டது, இனி ஆபத்தில்லை என்று எழுதியிருக்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

இதுதான் வழக்கின் மையம். இலங்கை பற்றி முதல்நிலைக்கு அடுத்த படியான மேல் தீர்ப்பாயம் 2013இலும் 2021இலும் வழிகாட்டித் தீர்ப்புகளைத் தந்தது. முன்பு விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தது மட்டுமே போதாது. புலம்பெயர்ந்த மண்ணில் தமிழ்ப் பிரிவினைக்காகக் குறிப்பிடத்தக்க பங்காற்றுபவர் என்று இலங்கை அரசு உங்களைக் கருதுமா என்பதே முதன்மையான கேள்வி. எந்த அமைப்பு, அது தடைசெய்யப்பட்டதா, நீங்கள் செய்தது என்ன, எவ்வளவு காலம், ஊரில் உங்கள் வரலாறு, குடும்பத் தொடர்புகள் என எல்லாவற்றையும் சேர்த்தே பார்ப்பார்கள். ஊர்வலத்தில் கொடி பிடித்த ஒரு படத்தை வைத்து வழக்கு நிற்காது. அதேசமயம், உண்மையாகவே தனிநாட்டை ஆதரிப்பவர் திரும்பிப் போய்ப் பயத்தால்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார் என்றால், ‘மூடிக்கொண்டு இருக்கட்டும்’ என்று அவரை அனுப்ப முடியாது. இந்த வாதத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதுகில் சூட்டுத் தழும்புகள் உள்ளன. நானே வைத்துக்கொண்டது என்பார்களோ?

சொல்லக்கூடும். முன்பும் சொல்லியிருக்கிறார்கள். சூடான இரும்புக் கம்பியால் சுட்டதாகச் சொன்ன இலங்கைத் தமிழர் ஒருவரின் வழக்கில், அவரே பிறரைக் கொண்டு சூடு வைத்திருக்கலாம் என மேல் தீர்ப்பாயம் கருதியது. 2019இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. தழும்பு எப்படி ஏற்பட்டது என்பதோடு மருத்துவர் நிற்க வேண்டியதில்லை, நீங்கள் விவரிக்கும் சித்திரவதையோடு அது எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்றும் கூறலாம். சித்திரவதைக் காயங்களை ஆவணப்படுத்துவதற்கான ஐ.நா. வழிகாட்டியான இஸ்தான்புல் நெறிமுறைப்படி அறிக்கை எழுதும் மருத்துவரையே தேடித் தரும்படி உங்கள் சொலிசிட்டரிடம் சொல்லுங்கள்.

இன்டர்வியூவில் கைதான மாதத்தை மாற்றிச் சொல்லிவிட்டேன்.

நேர்காணலின் ஒலிப்பதிவைக் கேட்டு வாங்குங்கள். மொழிபெயர்ப்பில் பிழை இருந்தால் இடத்தைச் சுட்டிக் காட்டலாம். நீங்களே தடுமாறியிருந்தால் அதையும் ஏன் என்று வாக்குமூலத்தில் எழுதுங்கள். முரண்பாட்டை மறைக்கப் புதிதாக ஒன்றைச் சேர்க்காதீர்கள், அமைச்சின் பிரதிநிதி குறுக்கு விசாரணையில் முதலில் இழுப்பது அந்த நூலைத்தான்.

ஊரிலுள்ள ஜே.பி.யிடமும் (சமாதான நீதவான்) பாதிரியாரிடமும் கடிதம் எடுத்திருக்கிறோம் ஐயா. போதுமா?

எல்லாக் கோப்பிலும் அந்தக் கடிதங்கள் இருக்கின்றன அம்மா. எழுதியவருக்கு விடயம் நேரடியாக எப்படித் தெரியும் என்று அதில் இருந்தால்தான் பயன். ஊரிலிருந்து வந்தது என்று காட்ட, தபால் உறையையும் எறியாதீர்கள்.

தீர்ப்பாயமும் மறுத்துவிட்டால்?

மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்கலாம், அதற்கும் 14 நாள். ஆனால் தீர்ப்பில் சட்டப் பிழை இருந்தாக வேண்டும். ‘நீதிபதி நம்பவில்லை’ என்பது சட்டப் பிழையாகாது.

மொழிபெயர்ப்பாளர் பேசும் தமிழ் புரியாவிட்டால் என்ன செய்வது?

மொழிபெயர்ப்பாளரைத் தீர்ப்பாயமே இலவசமாகத் தரும், மேன்முறையீட்டைப் பதியும்போதே இலங்கைத் தமிழ் என்று குறிப்பிடுங்கள். விசாரணை தொடங்கும்போது ஒருவரையொருவர் புரிகிறதா என்று கேட்பார்கள். அப்போது மரியாதைக்காகத் தலையாட்டாதீர்கள், புரியவில்லை என்று அந்த இடத்திலேயே நீதிபதியிடம் சொல்லுங்கள்.